சிவப்பு நூல் கட்டிய பூவன்

என் பிரியமுள்ள மைனிக்கு,

அண்ணனைக் கட்டி இங்கே வந்த நாள் முதல் கோழிக்குஞ்சைப் பார்த்து நீங்க ஒரு சொல் சொன்னால் உதியன்குளங்கரைப் பக்கத்தில் மறுபேச்சு கிடையாது. இறகு முளைக்கிற பருவத்திலேயே காலின் கனத்தையும் நிற்கிற நிலையையும் பார்த்து, "இது பூவனாக்கும்" என்பீங்க. அது பிறகு சேவலாகிக் கூவும். அதனால்தான் இப்போ எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அண்ணனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது பொருத்தனை பண்ணினீங்களே. "அவிய நடந்து வீட்டுக்கு வந்தா, இந்தப் பூவன சபையில அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக் குடுப்பேன்" என்று ஒரு குஞ்சின் காலில் சிவப்பு நூல் கட்டினீங்க. அண்ணன் நடந்தே வந்தார். குஞ்சு வளர்வதற்குள் நீங்க கர்த்தரிடம் போயிட்டீங்க. அப்படி என்ன அவசரம் மைனி?

கூடப் பொரிந்த குஞ்சுகளில் சிலதுக்குக் கழுத்து இறகு கூராகி, வாலில் வளைந்த இறகு இறங்கி, கட்டின தொண்டையில் கூவப் பழகுதுகள். நூல் கட்டினதுக்கோ கொண்டை சிறுத்து வெளிறிக் கிடக்கிறது. தூக்கித் திருப்பிப் பார்த்தேன். பெட்டையேதான். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடின பதற்றத்தில் குஞ்சு மாறிப்போச்சா? இல்லை, நீங்களே தப்பாகப் பார்த்தீங்களா?

அண்ணனிடம் சொன்னேன். "எட்டி, அவ பாத்துக் கெட்டினதாக்கும். பூவன்தான்."

"அப்போ கொண்டை எங்க அண்ணா?"

"சிலதுக்குப் பைய வரும்."

வேறொரு சேவலைக் கொடுத்துவிடலாமே என்றேன். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "நான் உசிரோட இருக்கது அவ சொன்ன வாக்குலயாக்கும். அதுல ஒண்ணு தப்புன்னா எல்லாம் தப்புதான்" என்றார்.

பண்டிகையன்று அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரே வந்தார். கோழி வளர்க்காத வீடு நம் சபையில் ஏது? ஒருத்தர் சிரித்தாலும் அண்ணன் உடைந்துபோவார் என்று அவரை ஒட்டியே நின்றேன். வந்த காணிக்கைகளை ஏலம் விளித்த தாசையன் மாமா கோழியின் வாலைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், அண்ணன் முகத்தைப் பார்த்தார். பிறகு சத்தமாக, "பூவன் ஒண்ணு. நல்ல பூவன்" என்றார்.

வெள்ளறடையிலிருந்து வந்த ஒரு புது மருமகன், "இது பிடக்கோழியல்லே?" என்று மலையாளத்தில், பெட்டையல்லவா என்று கேட்க ஆரம்பித்தார். மாமியார் அவர் கையைப் பிடித்து அமர்த்திவிட்டாள். வேறு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது மைனி. ஏலத்தில் நானே எடுத்தேன். அண்ணன், "குடுத்தாச்சு" என்று மட்டும் சொன்னார்.

இப்போ அது என் வீட்டில் நிற்கிறது. நேற்று காலையில் விறகுக்கட்டின் பின்னால் முட்டை இட்டுவிட்டது. சாயங்காலம் அண்ணன் வந்து, "பூவன் எப்படி நிக்கி?" என்று கேட்டார்.

"நல்லா நிக்கி அண்ணா" என்றேன்.

அவருக்கு நிஜமாகவே தெரியாதா, தெரிந்துகொண்டே கேட்கிறாரா? அவர் முகத்தைப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன் மைனி. இனி அது அடையிருந்து குஞ்சே பொரித்தாலும், அண்ணன் கேட்கும்போது என் வாயில் அது பூவன்தான்.

உங்கள் வாக்கைக் காக்கும்
நாத்தூன் லீலா