எவ்வளவு போடட்டும்?

சூடான சாம்பாரை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் ஊற்றும்போது ஒரு வாசனை எழும். அது சாம்பாருடையது அல்ல. கவருடையதும் அல்ல. இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் மூன்றாவது ஒன்று. இன்று மதியம் செங்கம் சாலை மெஸ்ஸில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவருக்காக மாஸ்டர் கவரைச் சுழற்றி நூல் கட்டிக்கொண்டிருந்தார். அந்த வாசனை வந்தது. கூடவே நீ வந்தாய்.

மூக்கைச் சுருக்கிக்கொண்டு, கையில் எவர்சில்வர் தூக்கோடு.

நீ முதன்முதலில் தூக்கை நீட்டிய நாளில் மாஸ்டர் கேட்டார். "இன்னாம்மா, ஆஸ்பத்திரில யாரு இருக்காங்க?"

இந்த ஊரில் தூக்கோடு கடைக்கு வந்தால் வீட்டில் யாரோ படுத்திருக்க வேண்டும்.

"யாரும் இல்லண்ணா. கவர்ல ஊத்தினா உங்க சாம்பாருக்குத்தான் உடம்பு சரியில்லாம போயிடுது."

வரிசை சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. "கவர்னா எனக்கு அளவு தெரியும். இதுல எவ்ளோனு ஊத்தறது?"

"உங்களுக்கு எவ்ளோ தோணுதோ ஊத்துங்க."

முறைத்துக்கொண்டே ஊற்றினார். கவரில் வருவதைவிட ஜாஸ்தி. மாடிப்படி ஏறும்போது சொன்னாய்: "பாத்தியாடி? பூமியைக் காப்பாத்தினா சாம்பார் எக்ஸ்ட்ரா."

ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு சந்து. மாடியில் ஓர் அறை. வாடகையில் பாதி நீ, பாதி நான். நீ ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாய். நான் அறையில் உட்கார்ந்து ஆன்லைன் கடைகளுக்கு வாக்கியங்கள் எழுதினேன். இன்றும் எழுதுகிறேன். ஒரு தண்ணீர்ப் புட்டியைப் பற்றி, ஒரு தலையணை உறையைப் பற்றி. படிக்கிறவருக்கு அது இல்லாமல் இதுவரை எப்படி வாழ்ந்தோம் என்று தோன்ற வேண்டும். நீ வேலையிலிருந்து வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படிப்பாய். வாழைப்பழம் வெட்டும் கருவி ஒன்றைப் பற்றி நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நீ கேட்டது நினைவிருக்கிறது.

"வாழைப்பழம் இதைக் கேட்டுச்சாடி?"

நீ துறவி இல்லை. சிப்ஸ் பாக்கெட் பிடிக்கும். தள்ளுபடி என்று எழுதியிருந்தால் உன் கட்டைவிரல் சும்மா இருக்காது. குர்த்தா வந்து இறங்கும். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் கவர். எல்லாவற்றையும் தரையில் பரப்பி நடுவில் உட்கார்ந்துகொண்டு, "இதெல்லாம் இப்ப எங்க போவும்?" என்பாய். பதில் நமக்குத் தெரியும். சாயங்காலங்களில் மலையடிவாரத்துக் குப்பைமேட்டிலிருந்து புகை கிளம்பி நம் ஜன்னலுக்கே வரும். அனுப்பியது திரும்பி வந்தது போல. அதன் பிறகு கொஞ்ச நாள் எதுவும் வாங்க மாட்டாய். பிறகு மறுபடியும் வாங்குவாய். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வியைக் கேட்டாய். அதுதான் உனக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம். நான் கேட்பதே இல்லை.

மாசிப் பௌர்ணமிக்கு உன் வீட்டார் கிரிவலப் பாதையில் அன்னதானம் செய்வார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் அண்டாக்கள் வரும். அனுமதி வாங்கிய இடத்தில் பந்தல் போட்டு, மதியத்தில் நடப்பவர்களுக்குச் சாம்பார் சாதம். இரண்டு வருடங்களுக்கு முன் தட்டு வாங்கும் பொறுப்பை நீ வலிய எடுத்துக்கொண்டாய். பளபளக்கும் பேப்பர் தட்டு வேண்டாம் என்று தைத்த மந்தார இலையாகக் கட்டுக்கட்டாக வாங்கி வந்தாய். சாம்பாரைக் கெட்டியாக வைக்கச் சொல்ல மட்டும் மறந்துவிட்டாய்.

இலையின் தையல்வழியே சாம்பார் இறங்கியது. வெள்ளை வேட்டிகளில் மஞ்சள் கோடுகள். உன் மாமா கரண்டியோடு கத்தினார்.

"பாப்பா, உன் எலையில சோறு நிக்கலம்மா. ஜனங்க வேட்டியில நிக்குது!"

"ரெண்டு எலையா வெச்சுக் குடுங்க மாமா."

"ரெண்டு ரெண்டா வெச்சா பாதி ஜனத்துக்குத்தான் வரும். மீதிப்பேருக்கு உன் தலையில போடட்டுமா?"

கடைசியில் அவரே டவுனுக்கு வண்டி எடுத்துப் போய் பேப்பர் தட்டு வாங்கி வந்தார். கூட்டம் குறைந்ததும் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு ரோட்டோரமாக நடந்தாய். நானும் வந்தேன். இலைகளும் தட்டுகளும் சிதறிக் கிடந்தன. குனிந்து எடுக்கும்போதுதான் தெரிந்தது. எல்லாவற்றிலும் சோறு. இரண்டு வாய் தின்றுவிட்டுப் போட்டது, தொடாமலே போட்டது. ஒரு பந்தலில் வாங்கி முடிப்பதற்குள் அடுத்த பந்தல் வந்துவிடுகிறது. கும்பிட்டுக் கொடுப்பதை வேண்டாமென்று சொல்லவும் யாருக்கும் மனம் வருவதில்லை.

நீ சாக்கைக் கீழே வைத்தாய். "எலையா பிளேட்டானு சண்ட போட்டோம். உள்ள இருந்த சோத்தை யாருமே பாக்கல."

நெல் விளைகிற வீட்டுப் பெண் நீ. அதை அழுதுகொண்டு சொல்லவில்லை. கோபத்தோடும் சொல்லவில்லை. ஒரு பரிசோதனை முடிவைப் படிப்பது போலச் சொன்னாய்.

அடுத்த மாசியில் சாதம் கெட்டியாக இருந்தது. இலை தாங்கியது. நீ கரண்டியைப் பிடித்துக்கொண்டு வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டாய்: "எவ்ளோ போடட்டுங்க?"

மாமாவுக்கு முகம் தொங்கிப்போனது. "அன்னதானத்துல நின்னுக்கினு எவ்ளோனு கேப்பாங்களா? பக்கத்துப் பந்தல்காரன் சிரிக்கறான். மானம் போவுது."

நம் பக்கத்தில் கேட்காமல் போடுவதுதான் மரியாதை. போதும் என்று கை மறித்த பிறகும் இன்னொரு கரண்டி போடுவதுதான் அன்பு. அளவு கேட்டால் கொடுக்க மனமில்லை என்று அர்த்தம். ஒரு அம்மாள் உன்னிடம் நேரடியாகவே கேட்டார்: "ஏம்மா, குடுக்க மனசு இல்லாமயா நிக்கற?"

"மனசு நெறைய இருக்குங்க. உங்க வயித்துல எடம் எவ்ளோ இருக்குனுதான் கேட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். பாதிக் கரண்டி வாங்கிக்கொண்டார். ஆனால் உன் அம்மா சிரிக்கவில்லை. வேனில் திரும்பும்போது உன் பக்கம் திரும்பாமலே வந்தார்.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஊருக்குப் போனாய். துண்டைக் கொடியிலேயே விட்டுவிட்டுப் போனாய். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

இந்த மாசிக்கு முன்பு உன் அம்மா போன் செய்தார்.

"கண்ணு, இந்த வருஷம் அவ பேர்ல போடறோம். நீதான் வந்து நிக்கணும். ஒன்னே ஒன்னு கேக்கறேன். யார்கிட்டயும் எவ்ளோனு கேக்காத. எம் பொண்ணு பேர்ல போடற சோறு. அளந்து போட்டேன்னு இருக்கக் கூடாது."

சரிம்மா என்றேன். வேறு என்ன சொல்வது. உன் பெயரில் நடக்கும் ஒன்றில் நீ வேண்டாமென்றதைச் செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. மகளை இழந்த ஒரு பெண்ணிடம் குப்பையைப் பற்றிப் பேச முடியாது என்பதும் தெரிந்தது. இரண்டையும் சுமந்துகொண்டு பந்தலுக்குப் போனேன்.

அண்டாக்கள் முன்னைவிட அதிகம். அம்மா தன் கையாலேயே போட்டார். நான் பக்கத்தில் இலை எடுத்துக் கொடுத்தேன். குவித்துக் குவித்துப் போட்டார். வாங்குகிறவர் முகத்தை அவர் பார்க்கவில்லை. இலையை மட்டும் பார்த்தார். அது நிறைந்தால் போதும், அவ்வளவுதான். வேப்பமரத்தடியில் மடித்துப் போட்ட இலைகள் சேர்ந்துகொண்டே இருந்தன. நான் அந்தப் பக்கம் பார்க்காமலிருக்க முயன்றேன்.

அப்போது ஒரு பெண் வந்தாள். உன் வயதிருக்கும். செருப்பில்லாத கால்களில் தார் ஒட்டியிருந்தது. முதல் கரண்டி விழுந்ததும் இலைக்கு மேல் கையை வைத்தாள்.

"போதும்மா."

"இன்னும் கொஞ்சம் வாங்கிக்க கண்ணு." கரண்டி அவள் கைக்கு மேலேயே நின்றது.

"இல்லம்மா, சாப்ட முடியாது. கீழ கொட்டினா பாவம்."

கையை எடுக்கவில்லை அவள். அம்மா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு முகத்தை. அன்று அவர் பார்த்த முதல் முகம் அதுதான் என்று நினைக்கிறேன். கரண்டியை அண்டாவில் வைத்தார். அந்தப் பெண் நகர்ந்து போன பிறகும் அப்படியே நின்றார். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். மாமா, "அக்கா, வரிசை நிக்குது" என்றார்.

அம்மா வேப்பமரத்தடிக்கு நடந்து போனார். மடித்துக் கிடந்த ஓர் இலையைப் பிரித்தார். பார்த்தார். மறுபடி மடித்து வைத்தார். திரும்பி வந்து கரண்டியை எடுத்து அடுத்த ஆளிடம் கேட்டார்.

"எவ்ளோ போடட்டும்பா?"

அந்த ஆள், "நல்லா போடும்மா, காலையிலேர்ந்து நடக்கறேன்" என்றார். அம்மா நிறையப் போட்டார். அடுத்தவர், "கொஞ்சூண்டு." கொஞ்சம் போட்டார். ஒரு கிழவர், "பல்லு இல்ல தாயி, கொழைஞ்ச சோறா பாத்துப் போடு" என்றார். அடியிலிருந்து தேடி எடுத்துப் போட்டார். கேட்டால்தான் பதில் வரும். பதில் வந்தால்தான் ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும். சாயங்காலத்துக்குள் அம்மா எத்தனையோ பேரோடு பேசிவிட்டார். நீ போன பிறகு அவர் இவ்வளவு பேசியதே இல்லை என்று மாமா என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

ஓர் அண்டா அப்படியே மீந்துவிட்டது. அதைப் பேருந்து நிலையத்துப் பக்கம் கொண்டுபோய், அங்கும் கேட்டுக் கேட்டே கொடுத்து முடித்தோம். வேன் ஊரைத் தாண்டும்போது அம்மா சொன்னார்.

"அடுத்த வருஷம் கம்மியா பொங்கினா போதும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்குக் கேட்டது போல. கம்மி என்ற சொல் வேனுக்குள் நின்றது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அன்று முழுக்க அழாதவர். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வீணாக்காமல் இருப்பது நல்லதுதான். ஆனால் குறைப்பது என்பது யாரோ இல்லை என்று ஒப்புக்கொள்வதாகவும் இருக்கலாம். இதை எந்த விளம்பர வாக்கியத்திலும் எழுத முடியாது. நீ இருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பேன்.

மறுநாள் அறையில் உலை வைத்தேன். டம்ளரில் அரிசி அள்ளிப் போட்டேன். கை மறுபடியும் அரிசிக்குப் போனது. நீ போனதிலிருந்து தினமும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. மாலையில் ஒரு ஆளின் சோறு மிஞ்சும். தண்ணீர் ஊற்றி வைப்பேன். காலையில் கொட்டுவேன். ஏன் மிஞ்சுகிறது என்று நான் என்னையே கேட்டதில்லை.

அன்று கேட்டேன். உன் குரலில்தான் கேட்டேன், சத்தமாக: "எவ்ளோ போடட்டும்?"

அரிசி போதும் என்று டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன்.