எவராலும் நாடப்படாத இடம்

பிப்ரவரி 6, வெள்ளி

காலையில் பனி. வாடை தணிந்து கடல் தெளிந்திருக்கிறது. சங்கு குளிப்போருக்கு உகந்த நாள்கள். தம்பி அந்தோணி விடியுமுன் படகேறிவிட்டான்.

தையல் கடையில் இரண்டு ரவிக்கைகள் மட்டும். எஞ்சிய பொழுதெல்லாம் எங்கள் கடலை ஆராயும் முனைவர் கீதாவின் ஆய்வுச் சுருக்கத்தைச் செப்பனிடும் பணி. ஞாயிறன்று ஊர் மக்களுக்கு விநியோகிக்க வேண்டியது. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தமிழ், தமிழே அன்று. ‘பங்குதாரர்கள்’ என்றால் எம்மவர் மளிகைக் கடைக் கூட்டு என்றே எண்ணுவர். ‘கடலால் வாழ்வோர்’ என மாற்றினேன். ‘பயன்பாடற்ற மண்டலம்’ என்பதை நீக்கி, ‘எவராலும் நாடப்படாத இடம்’ என எழுதினேன். வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நன்று. எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதியது என எவரும் சொல்லார்.

சென்ற ஆண்டு கீதா குழுவினர், சங்கு கிடக்கும் கடலடிப் பார்களில் எதெதில் முங்குகிறீர்கள் என்று கேட்டு வந்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான்தான் வீடு வீடாக அழைத்துச் சென்றேன். என் முகத்துக்காகச் சொன்னார்கள். எனக்கும் இதில் பங்குண்டு என்பதில் மகிழ்ச்சி.

வாங்க வேண்டியவை: கறுப்பு நூல், ஊக்கு, மண்ணெண்ணெய்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கூட்டம். வெக்கை. மின்விசிறி ஒன்று ஓடவில்லை.

திரையில் கடலின் வரைபடம். சங்கு குளிக்கும் பார்கள் சிவப்பு. ஆள் போகாத இடங்கள் வெள்ளை. பின்வரிசையில் பையன்கள் கேலி.

“ஏலே, நம்ம கடல சினிமா மாதிரி ஓட்டுதாவ.”

“கதாநாயகன் யாரு, நீயா? அப்ப நான் எந்திச்சிப் போறேன்.”

கீதா நன்றாகவே பேசினார். கப்பல் வழியை ஆழப்படுத்தும்போது அள்ளும் மண்ணைக் கடலில் ஓரிடத்தில் கொட்டியாக வேண்டுமாம். சங்குக்காரர் பிழைப்பில் விழாமல் எங்கே கொட்டலாம் என்பதற்கே இந்த ஆய்வு. முடிவு: கிழக்கே அந்த வெள்ளை இடம். அதிகாரிகளும் ஏற்றுக்கொள்ளும் நிலையில் இருக்கிறார்களாம். பிறகு என் வாக்கியத்தைப் படித்தார்: எவராலும் நாடப்படாத இடம்.

பெருமிதத்தோடு தம்பியைப் பார்த்தேன். முகத்தில் இரத்தமே இல்லை.

வீடு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சொன்னான்.

“யக்கா, அந்த வெள்ளையா இருக்குல்லா, அங்கனதான் நாங்க முங்குதோம்.”

“மொட்டைப்பார் என்றல்லவா நீ சொன்னாய், நான் பக்கத்தில் நிற்கும்போதே?”

“வந்து கேக்கவன்கிட்ட சொந்தப் பார எவன் சொல்லுவான்? பக்கத்துப் பாரத்தான் சொல்லணும். எல்லாரும் அப்படித்தான் சொல்லிருப்பானுவோ.”

உண்மைதான். இடம் தெரிந்தால் மறுநாளே பத்துப் படகு வந்து நிற்கும். ஆகையால் இங்கு எவனும் தன் பாரைச் சொல்லான், வீட்டுப் பெண்களிடமும். அக்காளாகிய எனக்கே இன்றுதான் தெரியும். அதன் பெயரை இங்கும் எழுதேன்.

பிப்ரவரி 9, திங்கள்

உறக்கமில்லை. கடை திறக்கவில்லை.

கீதா தங்கியிருந்த விடுதிக்கே போய்ச் சொன்னேன். தம்பியின் ஒப்புதலோடுதான். அவர் வரைபடத்தை எடுத்து விரித்தார்.

“எத்தனையோ ஆய்வு எழுதியிருக்கேன் ரெஜினாக்கா. எல்லாம் அலமாரியில தூங்குது. இத மட்டும்தான் ஒரு அதிகாரி முழுசாப் படிச்சிருக்காரு.”

“திருத்த இயலாதா?”

“நான் திருத்துவேன்க்கா. ஆனா அதிகாரிங்க விட மாட்டாங்க. போன வருஷம் இல்லைன்னவங்க இப்ப எப்படி ஆமான்னு சொல்றாங்கன்னு கேப்பாங்க. முங்குறவரே வந்து எல்லார் முன்னாடியும் சொல்லணும்.”

எல்லார் முன்னாடியும். அதாவது மற்றப் படகுக்காரர் முன்னிலையில். சொன்னால் பார் பறிபோகும். சொல்லாவிடில் மண் விழும். இரண்டையும் எழுதி, நேர்நேராக வைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கத் தட்டும் இறங்கவில்லை.

இரவு கஞ்சி மட்டும். தம்பி சாப்பிடவில்லை.

பிப்ரவரி 11, புதன்

வெள்ளியன்று நடக்கும் கூட்டத்தில் அதிகாரி முன் சொல்வதாகத் தம்பி ஒப்புக்கொண்டான். “மண்ணு விழுந்தா ஒருத்தனுக்கும் இல்ல. வெளியத் தெரிஞ்சா நாலு பேரோட பங்கு போட்டாவது பிழைக்கலாம்லா.” இவ்வளவு தெளிவாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

அவன் சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்தேன். ‘மாண்புமிகு’ வரை படித்துவிட்டுச் சிரித்தான். “இத நான் சொன்னா அவரு என்னய வக்கீல்னு நெனப்பாரு.” சரி, அவன் வாயால் வருவதே வரட்டும்.

சட்டை தேய்த்து வைத்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

துறைமுக அலுவலகத்தில் கூட்டம். குளிரூட்டப்பட்ட அறை. நீண்ட மேசை. அதிகாரி, கீதா, மூன்று படகுகளின் ஆள்கள். தமிழில் நடவடிக்கைக் குறிப்பு எழுத என்னை அமர்த்தியிருந்தார்கள். நாற்காலியும் போட்டார்கள். மற்றொரு நாளாயின் அதை நினைத்தே பூரித்திருப்பேன்.

கீதா எழுந்து, வெள்ளை இடத்தில் ஒரு குழு தொழில் செய்வதாகப் பின்னர் தெரியவந்தது, கொட்டும் இடத்தை மாற்ற வேண்டும் என்றார். தம் ஆய்வு பிழைபட்டது என்பதையும் ஒளிக்கவில்லை.

“யாரு அந்தக் குழு? அவங்களே சொல்லட்டும்” என்றார் அதிகாரி.

தம்பி எழுந்தான். வாய் திறக்கவில்லை, அதற்குள் மிக்கேல் அண்ணன் எழுந்துவிட்டார். தம்பியின் படகிலேயே மூத்தவர். இன்று உண்மையைச் சொல்லப் போவதாகத் தம்பி நம்பிச் சொல்லி வைத்திருந்தது அவரிடம் மட்டுமே.

“அங்கன வெறும் மணலு சார். முங்கினா கண்ணு உறுத்துததுதான் மிச்சம்.”

எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும்.

“நல்லாத் தெரியுமா?”

“நாப்பது வருசமா முங்குதேன். எனக்குத் தெரியாமயா?”

தம்பி உட்கார்ந்துவிட்டான். மூத்தவரைப் பொய்யர் என்று பலர் நடுவே சொல்ல அவனால் ஆகாது. நான் எழுந்தேன். மேசைக்கு அடியில் தம்பி என் சேலையைப் பிடித்து இழுத்தான். விடவில்லை. கீதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தேன்.

பிறகு எழுதினேன்: “மேற்படி இடத்தில் எவரும் தொழில் புரிவதில்லை எனக் கடலால் வாழ்வோர் ஒருமனதாக உறுதி செய்தனர்.” பிழையற்ற வாக்கியம். கீழே அனைவரும் கையொப்பமிட்டனர், தம்பியும்.

வாசலில் மிக்கேல் அண்ணனை மறித்துக் கேட்டேன்.

“கோவப்படாத ஏளா. மண்ணு கொட்டுதவன் கொட்டிட்டுப் போயிருவான். நீரோட்டம் அடிச்சிட்டுப் போயிரும். எடத்தத் தெரிஞ்சவன் போவானா? நான் பாரக் காப்பாத்தியிருக்கேன்.”

“அடித்துப் போகாவிட்டால்?”

“போவும்.”

அவர் மனமார நம்புகிறார். எதைச் சொல்லி மாற்றுவது? அகராதியில் எனக்குத் தெரிந்த எந்தச் சொல்லும் அவரிடம் செல்லவில்லை.

பிப்ரவரி 14, சனி

மேகமூட்டம். கடையில் ரவிக்கை ஒன்று, பாவாடை இரண்டு.

நீரோட்டம் அந்த மண்ணை அகற்றுமா எனக் கீதாவிடம் கேட்டேன். “அங்க நீரோட்டம் ரொம்பக் கம்மிக்கா. அதனாலதான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தாங்க.” மேலிடத்துக்கு மறுபடியும் எழுதுவாராம். கையொப்பமிட்ட குறிப்பு எதிரே இருக்கையில் எவர் கேட்பர் என அவரே சொல்லிக்கொண்டார். அவரை நொந்துகொள்ள நினைத்தேன். இயலவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

வெயில். கடல் கண்ணாடி. நாளை திருநீற்றுப் புதன். மீன் வாங்கவில்லை.

மண் அள்ளும் கப்பல் வந்து நிற்கிறது. கரையில் நின்றாலே தெரிகிறது. அடுத்த வாரம் தொடங்குவார்களாம்.

தம்பியும் மிக்கேல் அண்ணனும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒரே படகில்தான் போகிறார்கள். இருட்டில் போய் இருட்டில் வருகிறார்கள்.

இருட்டியபின் வந்த தம்பி வலைப்பையை முற்றத்தில் கவிழ்த்தான். பெரும் சங்குகளோடு விரல் நீளங்கூட இல்லாத குஞ்சுகள், குவியல் குவியலாக. கைக்கு அகப்பட்டாலும் கடலிலேயே விட்டுவிடும் வகை. விற்கவும் ஆகாது. வாழ்நாளில் அவன் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்தவனல்லன்.

“இதையெல்லாம் எதுக்குடா எடுத்தாய்?”

தலை நிமிரவில்லை.

“மண்ணுக்கடியில கெடந்து மூச்சு முட்டிச் சாவணுமாக்கா?”

பெரிய வாளி நிறையக் கடல் நீர் சுமந்து வந்து அவற்றை அதில் இட்டான். சில இன்னும் அசைகின்றன. எங்கே கொண்டுபோய் விடுவதென்று என்னைக் கேட்கிறான்.