உன் அறையும் ஹார்பர் என்ற சொல்லும்

திருகோணமலை,
கார்த்திகை 14

அன்பு மகள் சோபனாவுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் நோவைத் தவிர நான் சுகமாக இருக்கிறேன். ஒஸ்லோவில் நீயும் மருமகனும் ஒரு குறையுமில்லாமல் இருக்கப் பத்திரகாளி அம்மனை வேண்டியபடி இருக்கிறேன். கிழமைக்கு இரண்டு தரம் போனில் கதைத்தும் ஒரு விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை, அதுதான் எழுதுகிறேன். உன் அறையை வாடகைக்குக் கொடுத்துவிட்டேன்.

கோபிக்காதே பிள்ளை. ஆறு வருஷமாக வெள்ளிக்கு வெள்ளி உன் கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டுதான் இருந்தேன். போன மாதம் மன்னாரிலிருந்து மாற்றலாகி வந்த இங்கிலிஷ் ரீச்சர் நஸ்ரியா மழைக்குள் அறை கேட்டு வந்தபோதும், மகள் அடுத்த மாதம் வருகிறாள், அறை இல்லை என்று பொய் சொன்னேன். மனம் கேளாமல் தேத்தண்ணி மட்டும் கொடுத்தேன். கதையோடு கதையாக, துறைமுகக் கந்தோரில் இருபத்தெட்டு வருஷம் தட்டெழுத்து வேலை பார்த்ததைச் சொன்னேன். ஹார்பர் என்ற சொல்லை எத்தனை ஆயிரம் தரம் அடித்திருப்பேன், அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அவள்தான், அந்தச் சொல்லில முதல் கப்பலே இல்லை அம்மா, படையோட போற ஆக்கள் தங்கிற இடம் அது, பிறகு வழிப்போக்கர் எல்லாருக்கும் எண்டு ஆச்சு, கப்பல் கடைசியாத்தான் வந்தது என்று சொன்னாள். சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். எனக்கு உன் முதல் மாதம் ஞாபகம் வந்துவிட்டது. பனிக்குள் பெட்டியோடு நின்ற உனக்குத் தன் மகளின் அறையைத் திறந்துவிட்ட அந்த நோர்வேக்காரியை இன்றுவரை கும்பிடுகிறேன். அவளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? இருங்கோ ரீச்சர், அறை இருக்கு என்று சொல்லிவிட்டேன்.

நல்ல பிள்ளை. பின்னேரத்தில் கதைக்க ஓர் ஆள் இருக்கிறது. ஆனாலும் அவள் படலை திறக்கும் சத்தம் கேட்டால் நீ என்றுதான் ஒருதரம் ஏமாந்து போகிறேன். உன் சட்டைகளும் சலங்கையும் என் அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன.

கந்தோரில் வரவேண்டிய கப்பல்களின் பட்டியல் அடிக்கும்போது ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு திகதி இருக்கவேண்டும். திகதி இல்லாத கப்பலுக்கு இடம் ஒதுக்கமாட்டார்கள். முக்கால்வாசித் திகதிகள் பிழைத்துப்போகும், திருத்தித் திருத்தி அடிப்பேன். அதற்காக ஒருவரும் கோபித்ததில்லை. நீயோ எப்ப வருவாய் என்று கேட்டால் ஆறு வருஷமாகப் பார்ப்பம் அம்மா என்றுதான் சொல்கிறாய்.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. கோணேசர் உங்கள் இருவரையும் காக்கட்டும். பதில் எழுதும்போது மறக்காமல் ஒரு திகதி போடு பிள்ளை. பிழைத்தாலும் பரவாயில்லை, நான் திருத்திக்கொள்கிறேன்.

உன் வரவு பார்த்திருக்கும் அம்மா,
அன்னலட்சுமி