403-க்கு மார்க் போடாத தங்கச்சி

நானூறைத் தாண்டிய விரட்டல்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த முத்துராஜ் அண்ணனுக்கு,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு நடந்த ஒரு மேட்சைச் சொல்ல வேண்டும். லீட்ஸில் நம்மாட்கள் இங்கிலாந்துக்கு வைத்த இலக்கு 371. அவர்கள் எடுத்தது 373. கடைசி அடி சிக்ஸர். டிவியில் அந்த இரண்டு எண்களையும் ஒன்றாகப் பார்த்ததும், தட்டில் சோறிருக்க எழுந்துவிட்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். நம் தெருப் பொங்கல் விழா வினாடி வினாவில் கேள்வி அட்டை எழுதியது நான். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் என்னை நடுவராகவும் உட்கார வைத்தார்கள். கடைசிச் சுற்றில் உங்கள் அணியும் கயத்தாறு அணியும் சமம். 1976-ல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இந்தியா எத்தனை ரன் இலக்கை விரட்டி ஜெயித்தது என்று கேட்டேன். நீ யோசிக்காமல் 403 என்றாய். என் அட்டையில் 406.

"தப்பு" என்றேன். கொஞ்சம் அவசரமாகவே சொன்னேன். சொந்த அண்ணனுக்கு மார்க் போட்டாள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்ற பயம்தான். முதல் பரிசாக வைத்திருந்த கிரிக்கெட் பேட்டைக் கயத்தாறுக்காரர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

உன் கூட்டாளிகள் சண்டைக்கு வந்தபோது நீதான் தடுத்தாய். "ஏலே, சும்மா இருங்கலே. எந்தங்கச்சி அட்டையில எழுதிட்டான்னா அதுதான் சரி."

அடுத்த வாரம் நூலகத்தில் பழைய விளையாட்டுப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. இலக்கு 403, எடுத்த ஓட்டம் 406. நான் இலக்கை விட்டுவிட்டு ஓட்டத்தைப் பார்த்து அட்டை எழுதியிருக்கிறேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் கயத்தாறுக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். உண்மையில் வெட்கம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு டீக்கடையில் யார் கேட்டாலும் நீ 406 என்றுதான் சொன்னாயாம். "கிரிக்கெட் பைத்தியத்துக்கு இதுகூடத் தெரியலையே" என்று சிரித்திருக்கிறார்கள். நீயும் கூடச் சிரித்தாயாம். உண்மையிலேயே நம்பினாயா அண்ணே?

லீட்ஸ் மேட்ச் முடிந்த வாரம் மதினி உன் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "அவிய நோட்டு. எனக்கு ஒண்ணும் வெளங்கல, நீயே வச்சிக்கம்மா." ஒரு பக்கத்தில் இரண்டு வரிசை, இலக்கும் ஓட்டமும். 418, 418. 414, 414. 404, 404. நான்காவதாக 403, 406. அதற்கு அடுத்த பக்கத்தில் அந்தப் பொங்கலுக்கான உங்கள் அணியின் பெயர்ப் பட்டியல்.

அப்படியென்றால் மேடையில் நிற்கும்போதே உனக்கு இரண்டும் தெரியும். ஒரே ஒரு வரி பேசியிருந்தால் பேட் உனக்கு வந்திருக்கும். மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் ஊர் முன்னால் முழித்திருப்பேன். வீட்டிலாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே. நானும் சொல்லவில்லைதான்.

நோட்டை மூடிவைத்துவிட்டு அழுதேன். வழக்கமாக நான் அழுகிறவள் இல்லை.

வருகிற பொங்கலுக்கும் அட்டை எழுத என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் கேள்வி அதுதான். யாராவது 403 என்று சொல்லட்டும், சொல்லாமல் போகட்டும். இதே மேடையில் இதைச் சரியாகச் சொன்னவன் என் அண்ணன் முத்துராஜ், தப்பாக எழுதியவள் நான் என்று மைக்கில் வாசிப்பேன். கயத்தாறு அணியையும் கட்டாயம் வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
நீ காட்டிக்கொடுக்காத உன் தங்கச்சி,
செல்வி