ஜனாதிபதியின் பெயரால் நான் சொன்னது

1984 ஜனவரி 17, செவ்வாய்

பனி. பள்ளிக்கூடத்தில் கொதிகலன் மறுபடியும் படுத்துவிட்டது. பிள்ளைகள் கோட்டைக் கழற்றாமலேயே கணக்குப் போட்டார்கள்.

மாலையில் சோஷலிஸ்ட் கட்சியின் கிளைக் கூட்டம். கிளைச் செயலாளர் என்ற பெயரில் நாற்காலிகளை நானே விரித்தேன். ஆள் வராததால் பாதிக்கு மேல் நானே மடித்தும் வைத்தேன். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் மித்தெரான் பிரான்சுக்கு ஜனாதிபதியான இரவில் இதே கூடத்தில் நிற்க இடமில்லாமல் ஆட்கள் சன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். இன்று வந்தவர்களில் ஒருவர், "சோஷலிசம்ங்கிற ரயிலு லேட்டா வருதா, இல்ல ரத்தான்னு கேட்டுச் சொல்லுங்க டீச்சர், பெஞ்சில உக்காந்து உக்காந்து முதுகு வலிக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மரண தண்டனை ஒழிந்தது, சம்பளத்தோடு ஐந்தாவது வாரம் விடுமுறை, அறுபது வயதில் ஓய்வு என்று நான் அடுக்கினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் போன வருடம் எங்கள் அரசே கொண்டுவந்த சிக்கனத் திட்டத்துக்குப் பிறகு, இதைச் சொல்லும்போது என் குரல் கடைக்காரன் குரல் மாதிரி ஆகிவிடுகிறது.

முடிந்ததும் தம்பி ஃபெர்னான் வந்தான். தெற்கே கடலோரத்து எஃகு ஆலையில் இடம் இருக்கிறது, விரும்புகிறவர்கள் மாற்றல் வாங்கிக்கொள்ளலாம் என்று அவன் வேலை செய்யும் ஆலையில் சொல்கிறார்களாம். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். அவன் மனைவி நிவெஸுக்குப் போக ஆசை. அவளுடைய அண்ணன் குடும்பம் அங்கேதான் இருக்கிறது. இவனுக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை.

"நம்ம கம்பி உருட்டாலை நிக்குமாக்கா? அது மட்டும் தெரிஞ்சா போதும்" என்றான்.

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 21, சனி

எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் பெரார் வந்திருந்தார். கூட்டம் முடிந்து என்னை வீட்டில் விடுவதாகச் சொல்லிக் காரில் ஏற்றிக்கொண்டார். தேவாலயத்தின் பின்புறம் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை.

வசந்தத்தில் எஃகுக்குப் புதிய திட்டம் வருகிறதாம். எங்கள் உருட்டாலை அதில் இல்லை. மூடிவிடுவார்கள்.

நான் ஏதேதோ சொன்னேன். தேர்தலில் மேடை மேடையாக நாம் பேசியதென்ன? பதவிக்கு வந்த பின் ஜனாதிபதியே நம் லொரேன் வட்டாரம் வரை வந்து போகவில்லையா? பெரார் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, ஆலைகள் அரசின் கைக்கு வந்தபோது நட்டமும் சேர்ந்துதான் வந்தது என்றார். கிளை உடையாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்கு முன்கூட்டியே சொல்கிறாராம்.

"ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா நாளைக்கே வேலைநிறுத்தம். இன்னும் பேசிட்டுதான் இருக்கோம், கடைசி நேரத்துல மாறலாம். உங்கள நம்பிச் சொல்றேன்."

வாக்குக் கொடுத்தேன்.

ஜனவரி 22, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் தூக்கமும் வராது.

மதியம் ஃபெர்னான் வீட்டில் சாப்பாடு. நிவெஸ் முயல் கறியும் பொலெந்தா என்ற சோளக்களியும் செய்திருந்தாள். தெற்கில் ஜனவரியிலேயே பாதாம் மரம் பூத்துவிடும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஃபெர்னான் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"பெராரப் பாத்தியாக்கா? என்ன சொல்றாரு?"

அந்த இடத்தில் நான் 'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். 'சொல்ல முடியாது' என்றாலே அவன் புரிந்துகொண்டிருப்பான். நான் சொன்னது இது: "ஜனாதிபதி எஃகு ஆலைய கைவிட மாட்டாருடா. நீ இரு."

அவன் முகம் தெளிந்தது. நிவெஸ் எழுந்து தட்டுகளை எடுத்தாள்.

ஏன் சொன்னேன்? கட்சிக்காகவா? பெராருக்குக் கொடுத்த வாக்குக்காகவா? கடைசி நேரத்தில் மாறலாம் என்று நானும் நம்பினேனா? — இதெல்லாம் இருக்கட்டும். அம்மா போன பிறகு இந்த ஊரில் எனக்கு இருப்பது அவன் ஒருத்தன்தான். அவன் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் யார் வீட்டுக்குப் போவேன்? அதை நினைத்துத்தான் சொன்னேனோ. சீ.

ஜனவரி 26, வியாழன்

ஃபெர்னானிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தபால் நிலையத் தொலைபேசிக் கூண்டு வரை போனேன். உள்ளே ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கும் வரை காத்திருக்கவில்லை. திரும்பி வர ஒரு சாக்குக் கிடைத்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி.

ஜனவரி 31, செவ்வாய்

மாற்றல் வேண்டாம் என்று ஃபெர்னான் சொல்லிவிட்டான். தெற்கில் அவனுக்கு இருந்த இடத்தை மூன்றாம் ஷிப்ட்காரன் ஒருவன் வாங்கிக்கொண்டானாம். வீட்டு வாசலிலேயே நின்று சொன்னான், சந்தோஷமாக. எனக்காக ஒரு கேக்கும் வாங்கி வந்திருந்தான்.

மார்ச் 29, வியாழன்

அறிவித்துவிட்டார்கள். மூடும் பட்டியலில் எங்கள் ஆலையும் உண்டு.

ஃபெர்னான் வந்தான். கத்துவான் என்று கதவைத் திறக்கும்போதே உடம்பைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவன் என் தோளில் கை வைத்தான்.

"உன்னையும் ஏமாத்திட்டாங்களேக்கா."

அடிச்சிருக்கலாம்டா நீ. அடிச்சிருந்தா எவ்வளவோ நல்லாருந்திருக்கும்.

ஏப்ரல் 4, புதன்

லொரேன் முழுவதும் கடையடைப்பு. எங்கள் ஊரில் கட்சி அலுவலகத்தின் மேசை, சுவரொட்டி, நான் விரித்து மடித்த நாற்காலிகள் எல்லாவற்றையும் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். நகர மன்றத்திலிருந்து ஜனாதிபதியின் படத்தைக் கழற்றி வந்து அதன் மேலே வைத்தார்கள். நானே இறக்கி ஒட்டடை தட்டி மாட்டிய படம் அது.

சிலர் என் வீட்டுப் பக்கம் வந்தார்கள். என் படிக்கட்டில் ஃபெர்னான் உட்கார்ந்திருந்தான். "எங்க அக்கா நம்மகூட சேர்ந்து ஏமாந்தவ. போங்கடா" என்று அவன் சொன்னது சன்னல் வழியாகக் கேட்டது. போய்விட்டார்கள். நான் அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 13, வெள்ளி

தொழிலாளர்கள் பாரிஸுக்கு ஊர்வலம் போயிருக்கிறார்கள். ஃபெர்னானும் போயிருக்கிறான். திரும்பியதும் சொல்லிவிடுவது என்று முடிவு.

ஏப்ரல் 15, ஞாயிறு

வந்தான். தொண்டை கட்டி, கால் கொப்புளித்து, பத்து வயது குறைந்தவன் மாதிரி. சொல்லவில்லை.

ஜூலை 14, சனி

தேசிய தின விருந்து, நகர மன்றத்தில். நிவெஸ் நகராட்சிச் சமையற்கூடத்தில் வேலை செய்வதால் அவள்தான் ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தாள். பெரார் இரண்டு கோப்பை உள்ளே போனதும் என்னை மேயரிடம் புகழ ஆரம்பித்தார். "இவங்க மாதிரி வாய காக்கிற ஆள் கிடைக்காது. ஜனவரியிலயே இவங்களுக்குத் தெரியும். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியலையே!"

நிவெஸின் கையில் இருந்த புட்டி அசையவில்லை. என் கோப்பையையும் நிரப்பிவிட்டுத்தான் நகர்ந்தாள்.

ஜூலை 16, திங்கள்

நிவெஸ் வந்தாள். உட்காரவில்லை.

சொல்லிவிடுகிறேன், இன்றைக்கே ஃபெர்னானிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். உண்மையில் எனக்கு அது விடுதலையாக இருந்திருக்கும். அவள் அதைக் கண்டுகொண்டாள்.

"சொல்லக் கூடாது அண்ணி. வேலை போச்சு. கட்சி போச்சு. அக்கான்னு ஒருத்தி இருக்கான்னுதான் அவர் காலையில எந்திரிக்கிறாரு. அதையும் புடுங்காதீங்க. நீங்களே வச்சுக்கங்க. நானும் வச்சுக்கிறேன்."

கதவு வரை போய்த் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வாருங்கள், வராவிட்டால் அவர் கேட்பார் என்றாள்.

1986 நவம்பர் 9, ஞாயிறு

ஃபெர்னானுக்கு இரண்டு வருட மறுபயிற்சி முடிந்துவிட்டது. மின்கம்பி இணைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றவர்கள் ஏராளம், இணைக்க இந்தப் பள்ளத்தாக்கில் என்ன இருக்கிறது? லக்சம்பர்கில் ஒரு பேரங்காடியில் காவலாளி வேலை கிடைத்திருக்கிறது. சீருடையைப் போட்டுக்காட்டினான். கழுத்துப்பட்டை முடிச்சுப் போட நிவெஸுக்குத் தெரியவில்லை. நான்தான் போட்டுவிட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மரியாதையாகத்தான் நடத்துகிறாள். ஒவ்வொரு வாரமும் எனக்குத்தான் முதல் தட்டு.

1988 மே 8, ஞாயிறு

மறுபடி அவரே ஜனாதிபதி.

காலையில் ஃபெர்னான் கேட்டான்: "யாருக்குப் போடணும்?" உன் இஷ்டம் என்றேன். "அட, நீ சொல்லாம யார் சொல்லுவா?" என்று சிரித்தான். அவருக்கே போட்டானாம். அந்த ஐந்தாவது வார விடுமுறையில்தான் முதன்முறையாகக் கடலைப் பார்த்தேன், அதை மறந்துவிட முடியுமா என்கிறான்.

நானும் அவருக்கே போட்டேன். அவரை மன்னிக்காமல் இருக்க எனக்கு என்ன யோக்கியதை?

1996 ஜனவரி 8, திங்கள்

மித்தெரான் காலமானார். பதவியை விட்டு எட்டு மாதம்கூட ஆகவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு வானொலியைச் சமையலறையிலேயே வைத்திருக்கிறேன். நாள் முழுக்க அவரைப் பற்றியே பேச்சு. ஐரோப்பாவைக் கட்டியவர் என்கிறார்கள், இடதுசாரிகளை ஆட்சியில் அமர்த்தியவர் என்கிறார்கள். அவரால் இடதுசாரி அரசியலே தன் ஆட்களை இழந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். வானொலியை அணைத்தேன். அழுகை வந்தது. யாருக்காக என்று தெரியவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

ஊரெல்லாம் இதே பேச்சு. பதவியேற்ற வருடமே ஜனாதிபதிக்குப் புற்றுநோய் இருந்ததாம், அவருடைய மருத்துவரே இப்போது சொல்லிவிட்டார். மக்களிடமிருந்து மறைத்துவிட்டார்கள்.

சாப்பாட்டில் ஃபெர்னான் பொரிந்துதள்ளினான். அவரைக்கூட விட்டுவிடலாம், செத்துப்போனவர், கூடவே இருந்து தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தார்களே, "அவங்க எல்லாம் என்ன ஜென்மம்? நம்ம முகத்தப் பாத்து எப்படிச் சிரிச்சாங்க?"

நிவெஸ் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்தாள்.

"உங்க அக்காவக் கேளுங்க. ஆலைய மூடப் போறாங்கன்னு அவங்களுக்கு ஜனவரியிலயே தெரியும். உங்கள இருக்கச் சொன்னாங்களே, அதுக்கு முன்னாடியே தெரியும்."

ஆமாம் என்று நான் தலையசைத்தேன்.

ஃபெர்னான் ரொட்டித் துண்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்:

"எனக்குப் போக இஷ்டமில்ல. அதான் அக்காகிட்டக் கேட்டேன். அவ இருன்னு சொல்லுவான்னு தெரியும். போன்னு சொல்லியிருந்தா இன்னொருத்தர்கிட்டப் போய்க் கேட்டிருப்பேன். யாராச்சும் இருன்னு சொல்ற வரைக்கும் கேட்டுட்டே இருந்திருப்பேன்."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான் என்று முதலில் நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையைத்தான் சொன்னான். வெட்கமும் வருகிறது, ஆனால் மடியில் இருந்த பாரம் பாதி இறங்கியது — எனக்கு.

நிவெஸ் அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"பன்னெண்டு வருஷமா உங்க மேல வச்சிருந்த கோபம் அண்ணி. இப்ப அத எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

அவளை யாருமே கேட்கவில்லை. அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி. அவள் எதை விரும்பினாள் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் ஜனாதிபதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரி 4, ஞாயிறு

நிவெஸ் தெற்கே அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். பத்து நாள் என்று சொன்னாளாம்.

பிப்ரவரி 25, ஞாயிறு

இப்போது ஃபெர்னான் என் வீட்டில்தான் சாப்பிடுகிறான். சூப் உப்பாக இருந்தது, ஒன்றும் சொல்லாமல் குடித்தான்.

அங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக நிவெஸ் தொலைபேசியில் சொன்னாளாம். குரல் நன்றாக இருந்ததாம்.

"திரும்பி வருவாளாக்கா?"

தெரியாதுடா என்றேன். நீ அங்கே போய் அவளிடமே கேள் என்றேன். ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.