டொக்டருக்காகப் பூசிய பவுடர்

திங்கள். விடியலிலிருந்து மழை.

தெஹியோவிட்ட பஸ்ஸிலிருந்து இறங்கி ரப்பர் காட்டுக்குள் நடை. பையில் வீடியோ அழைப்புக்கு டெப், வலி மருந்து, அட்டை கடித்தால் போட உப்பு. குடை மறந்தாயிற்று.

முத்துலெட்சுமி அக்காவுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய், முற்றிவிட்டது. இனி வலிக்கு மட்டும்தான் மருந்து. இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்றுதான், நர்ஸ் நான் வீட்டுக்குப் போக, டொக்டர் டெப்பில் பார்க்கும் இந்த வீடியோ கிளினிக்கே.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் அவர் வீட்டுக்குப் போனால், மனுஷி பவுடர் பூசி, பொட்டு வைத்து, நல்ல சேலையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலோரம் டெப்பைப் பிடித்தால்தான் சிக்னல். மூன்று தரம் அறுந்து, ஒருவழியாக டொக்டர் வந்தார்.

"எப்பிடி அம்மா, நோகுதோ?"

"இல்லைங்க சார். நல்லா இருக்கேங்க." சிரிப்பு வேறு.

"முகமும் தெளிவாத்தான் கிடக்கு. மருந்து அதே அளவு போதும்."

அழைப்பு முடிந்ததும் அக்கா சுருண்டு விழுந்து தலையணையைக் கடித்தார். எனக்கு வந்த ஆத்திரம்!

"ஏன்க்கா பொய் சொன்னீங்க?"

"பெரிய மனுஷன் பாக்குறப்ப அழுது வடிஞ்சுகிட்டா இருக்கிறது, மிஸ்?"

வெளியே வந்து டொக்டருக்கு போன் போட்டேன். "அவவே இல்லையெண்டு சொல்லுறா. நான் என்னெண்டு மருந்தைக் கூட்டுறது?" அவரைச் சொல்லியும் குற்றமில்லை. யாரைத்தான் திட்டுவது?

புதன். மழை. சிக்னல் அறவே இல்லை.

படம் இல்லாமல், குரலில் மட்டும் டொக்டர் பார்த்தால் கிளினிக் கணக்கில் சேராதாம், ஒப்பீஸிலிருந்து செய்தி. வந்து பார்க்கட்டும் இங்கே.

மழை விட்டுச் சிக்னல் வந்ததும் அக்காவின் மகள் குவைத்திலிருந்து வீடியோவில் எடுத்தாள். அதே பவுடர், அதே சிரிப்பு. "நல்லா இருக்கேன் சாமி. நீ சாப்டியா?" அப்போதுதான் மண்டையில் உறைத்தது. படம் வந்தால் சிரித்தே ஆக வேண்டும் இவருக்கு.

வெள்ளி. வெயில். சிக்னல் நான்கு கோடு, அதிசயம்.

டெப்பின் கமராவில் பிளாஸ்டர் ஒட்டினேன். "சிக்னல் சரியில்ல டொக்டர், படம் வராது." வாய் கூசாத பொய். அக்காவிடம், "அவருக்கு நீங்க தெரிய மாட்டீங்க. குரல் மட்டும்தான் கேக்கும்."

அக்கா டெப்பின் பக்கம் சாய்ந்தார்.

"சார்... தாங்க முடியலைங்க. அடிவயித்த அறுக்குதுங்க. ராத்திரி பூரா துணிய வாயில வச்சுகிட்டுக் கெடக்கேங்க."

மூலையில் இருந்த அக்காவின் புருஷன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"ஏனம்மா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" டொக்டர் குரல் இறங்கிப்போயிருந்தது. மருந்தைக் கூட்டச் சொன்னார்.

உடனே கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அக்காவின் முகச் சுளிப்பு தளர்ந்தது, கண் அசந்தார். அப்பாடா என்று உட்கார்ந்தேன். அக்காவின் போன் அடித்தது, வீடியோ அழைப்பு. குவைத்.

கண் திறந்தார். "மிஸ், அந்தப் பவுடர் டப்பாவ எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியையும்.