இரண்டு நாள் வருகிற தம்பி

ஞாயிறு இரவு, திருகோணமலை

கனடாவிலிருந்து தம்பி போனில் கோல் எடுத்தான். குடும்பத்தோடு இரண்டு நாள் வருகிறானாம், கார் பிடிக்காமல். அப்பாவை அடக்கம் செய்த அன்று வர நேரமில்லாதவன்.

“எங்கயெங்க பாக்கலாம் அண்ணை? என்னென்ன கொண்டு வாறது?”

“பெரிய பெட்டியோட நிலாவெளிக் கடற்கரைக்குப் போற பஸ்ஸில ஏற ஏலாது, தோள்பை போதும். கோணேசர் கோயிலுக்குக் காலமை போங்கோ. மத்தியானம் கல்லில வெறுங்காலோட நிக்க ஏலாது.”

அப்பாவைப் புதைத்த சேமக்காலைக்கு பஸ்ஸே வேண்டாம், நடந்தே போகலாம். அதைக் கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

“மெழுகுதிரியும் கொண்டு வா,” என்றேன்.

“ஏன் அண்ணை, அங்க இன்னும் கரண்ட் போறதே?”

“ஓம், போறது.”

கல்லறையில் கொளுத்த என்று சொல்ல வாய் வரவில்லை. அலுப்பாக இருக்கிறது. நாளைக்கு நானே வாங்கி வைக்கவேண்டும், அவன் பங்கையும் சேர்த்து.